பொழுது சாய்ந்தால் அடிபடும் ஜிம்மி

கடிதத்தின் சுருக்கம்:

எழுதியவர் இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த சகோதரி. பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்கிறார். வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் நான்கு வயது ஆண் நாய் ஜிம்மி. (பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.) துரை பங்களாவில் இருந்த லெப்ரடோர் வழியில் வந்த குட்டி அது. தாய், தகப்பன் இரண்டுமே அந்த வழிதானாம்.

கடந்த ஒன்றேகால் வருடத்தில் ஜிம்மிக்கு ஐந்து விபத்து. போன வருடம் ஜூன் மாதம் தூறல் மழையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில், மாலை ஏழு மணியளவில் ஓட்டோவில் அடிபட்டு இடது பின்னங்கால் முறிந்தது. பக்கத்து லயத்து (வரிசை வீட்டு) பெரியவர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். அடுத்தது, விடியுமுன் வெளியே விட்டபோது லயத்துக்குப் பின்னால் உள்ள ஆழமான கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்து தாடை கிழிந்தது. மூன்றாவது, ஒரு மதிய நேரம் ரோட்டோரம் யாரோ வீசிய அவித்த சோளத்தின் கட்டையை முழுசாக விழுங்கி, குடல் அடைபட்டு, சத்திரசிகிச்சை வரை போனது. நான்காவது, கரண்ட் போயிருந்த ஓர் இரவு அடுப்படியில் சுடுதண்ணிப் பானையில் மோதி முன்னங்காலைச் சுட்டுக்கொண்டது. கடைசியாக, ஓர் இரவு காணாமல் போய், மறுநாள் காலை தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய மலையில் பன்றிக்கு வைத்த கேபிள் கண்ணியில் இடுப்பு இறுகிய நிலையில் கிடைத்தது. கம்பியைக் கழற்றப் போன சகோதரியின் கையைக் கடித்தும்விட்டது.

“ராசி கெட்ட நாய், வீட்டுக்கு வர்ற கண்டத்தை எல்லாம் இழுத்துக்கிட்டு வருது, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டுவிடு” என்கிறார் மாமியார். கணவர் சங்கிலியில் கட்டிப்போடச் சொல்கிறார். “எனக்கு இரண்டும் மனசு கேட்கவில்லை. இவன் ஏன் இப்படி? நான் என்ன செய்வது? வலிக்கு அரைப் பனடோல் (பரசிட்டமோல்) குளிசை கொடுத்தேன், அது சரிதானா? அவனுக்குக் கருத்தடை செய்யலாமா? பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் இவனிடம் குட்டி எடுக்கக் கேட்கிறார், கொடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

மிருக வைத்தியரின் பதில்:

அன்புச் சகோதரி,

நாயின் ஜாதகம் பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஒவ்வொரு விபத்துக்கும் நேரத்தைக் குறித்து எழுதியிருந்தது பெரிய உதவி. அந்த நேரங்களை வரிசையாகப் பாருங்கள். ஓட்டோ, மழை மூட்டத்தில் மாலை ஏழு மணி. கான், விடியுமுன். சுடுதண்ணி, கரண்ட் இல்லாத இரவு. கண்ணி, அதுவும் இரவு. பட்டப்பகலில் நடந்தது சோளக் கட்டை ஒன்றுதான். அதை நான் விபத்துக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன், அது திருட்டு. லெப்ரடோர் இரத்தம் ஓடும் நாய் எதையும் மென்று தின்னாது, விழுங்கும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். “இப்போதெல்லாம் சோம்பேறியாகிவிட்டான், இரவில் ஒன்றுக்குப் போகக் கூப்பிட்டாலும் இஸ்தோப்பு (திண்ணை) படியில் நின்று முனகுகிறான்” என்பது ஒன்று. “டோர்ச் அடித்தால் கண் முன்னைவிடப் பளபளவென்று பச்சையாக மின்னுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள்” என்பது மற்றது. ஐந்து விபத்தின் கதையைவிட இந்த இரண்டு வரிதான் என்னை நிறுத்தியது. ஜிம்மிக்கு மங்கல் வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியவில்லை என்று சந்தேகப்படுகிறேன். கடிதத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம்.

கண்ணில் என்ன நடந்திருக்கலாம்

விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு வகைக் கலங்கள், பகல் வெளிச்சத்துக்கு இன்னொரு வகைக் கலங்கள். லெப்ரடோர், கொக்கர், பூடில் போன்ற இனங்களில் விழித்திரை படிப்படியாகத் தேய்ந்துபோகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் முதலில் சாவது பெரும்பாலும் மங்கல் வெளிச்சக் கலங்கள்தான். அதனால் பகலில் பந்து பிடிக்கிற நாய், இருட்டியதும் படியில் தயங்கி நிற்கும். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் நாயின் கண் மின்னுவது அதனால்தான். விழித்திரை மெலிந்தால் அந்த மினுக்கம் கூடும். நீங்கள் சோம்பல் என்று எழுதியது பயமாக இருக்கலாம். படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் யார்தான் கால் வைப்பார்கள்?

இந்த நோய் வருவதற்கு, பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். சாதாரண லயத்து நாய் என்றால் இதை நான் முதலில் நினைத்திருக்கமாட்டேன். இரண்டு பக்கமும் பங்களா வழி என்று நீங்கள் எழுதியதால் நினைக்கிறேன்.

ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல்களில் சில, கண்ணுக்குள் அழற்சியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கும். அதற்கு மருந்து இருக்கிறது, நாள் கடந்தால் பலன் குறையும். கண்புரையாகவும் இருக்கலாம். பரம்பரை நோய்க்கு மருந்து இல்லை என்றாலும் அது வலிக்காது, மெதுவாக வரும், நாயும் பழகிக்கொள்ளும். எது என்று தெரிந்துகொள்வது அவசரம். காரணம், சரிசெய்யக்கூடியதைத் தவறவிடக்கூடாது.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். பகலில் ஜிம்மியின் முகத்துக்கு முன்னால், கொஞ்சம் உயரத்திலிருந்து ஒரு பஞ்சுருண்டையை விடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. கண் தெரிந்தால் தலை அதன் பின்னால் போகும். பிறகு வாளி, கதிரை, விறகுக் கட்டு என்று வீட்டுச் சாமான்களை வழக்கமில்லாத இடத்தில் வைத்து, பகலில் ஒரு தரம் நடக்கவிடுங்கள். இடத்தை மாற்றி வைத்து, பொழுது சாய்ந்த பின் லைட் போடாமல் இன்னொரு தரம். இடையில் பேச வேண்டாம், உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். பகலில் விலகிப் போகிறவன் இரவில் மோதினால் அதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

அப்புறம் அந்தக் கால். மூங்கில் பத்தை கட்டியவர் நல்ல மனதோடு செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொடையெலும்பு முறிந்தால் வெளியே கட்டும் பத்தையில் அது நேராகச் சேருவதில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்தாலோ நரம்பு பாதிக்கப்பட்டாலோ நாய் சரிவில் தடுமாறும். இடது பின்னங்காலின் நகங்களை மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருந்தால் காலை இழுத்து நடக்கிறான் என்று அர்த்தம். இன்னொன்று, அவன் நிற்கும்போது அந்தப் பாதத்தை மெதுவாக மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டுக்கொண்டு நின்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்கும், கண்ணை உள்ளே பார்ப்பதற்கும், எக்ஸ்ரேக்கும் பேராதெனியப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அந்த வளைவுகளில் போகும்போது பெரும்பாலான நாய் வாந்தி எடுக்கும். காலையில் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப் போங்கள், தண்ணீர் கொடுக்கலாம்.

கட்டிப்போடலாமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இருட்டில் அவன் தன்பாட்டில் சுற்றக்கூடாது, அது நிச்சயம். ஆனால் மலைநாட்டில் சங்கிலி தனி ஆபத்து. நம் வீடுகள் எல்லாம் திட்டுத் திட்டாக வெட்டிய தரையில் நிற்கின்றன. திட்டின் ஓரத்தில் கட்டிய நாய் பூனையைக் கண்டு கீழே பாய்ந்தால், சங்கிலியின் நீளம் நடுவில் முடிந்துவிடும். காலையில் நாய் கழுத்தில் தொங்கும். கண் தெரியாத நாய்க்குப் பூனைகூட வேண்டியதில்லை, ஓர் அடி தப்பாக வைத்தாலே போதும்.

இரண்டாவது, சிறுத்தை. தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவில் வெளியே கட்டியிருக்கும் நாய் அதற்கு ஓடவும் முடியாத இரை. ஆகவே பொழுது சாய்வதற்குள் ஜிம்மி வீட்டுக்குள், அல்லது கதவு போட்ட கொட்டிலுக்குள் இருக்க வேண்டும். பகலில் கட்டத்தான் வேண்டும் என்றால் திட்டு ஓரத்திலிருந்து தள்ளி, சமதரையில், கழுத்துப்பட்டிக்குப் பதிலாக நெஞ்சுப்பட்டி போட்டுக் கட்டுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே நீளமாக ஒரு கம்பி இழுத்து, அதில் வளையம் ஓடும்படி கட்டினால் அவனுக்கு நடமாட இடம் கிடைக்கும்.

இரவில் வெளியே போக வேண்டுமானால் கயிற்றோடு, நீங்களோ கணவரோ கூட. ரோட்டு வேலை செய்பவர்கள் போடும் சட்டையில் உள்ள பளபளக்கும் பட்டியில் ஒரு துண்டைக் கழுத்துப்பட்டியில் தைத்துவிடுங்கள். மூடுபனியில் ஓட்டோக்காரருக்கு அதுதான் கண்ணில் படும். வீட்டுக்குள் சின்ன எல்.இ.டி. பல்ப் ஒன்று இரவு முழுக்க எரியட்டும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணிச் சட்டி, படுக்கும் சாக்கு எல்லாம் எப்போதும் ஒரே இடத்தில். சுடுதண்ணிப் பானையைத் தரையில் இறக்கி வைக்கும் பழக்கத்தை, பிள்ளைகளுக்காகவும் சேர்த்து, விட்டுவிடுங்கள். கான் ஓரத்தில் மூங்கில் தட்டி அடிக்கலாம். படிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் “படி” என்று ஒரே மாதிரி சொல்லிப் பழக்குங்கள். நாய்க்கு மூக்கும் காதும் இருக்கும்வரை நாம் நினைக்கிற அளவுக்கு அது தவித்துப்போகாது.

கண்ணி விஷயம்

இதில் ஒரு கவலை இருக்கிறது. கேபிள் இறுகிய காயம் முதல் நாள் மெல்லிய கோடாகத்தான் தெரியும். இரத்த ஓட்டம் நின்றுபோன தோல் மூன்றாம் நான்காம் நாளில்தான் கறுத்து அழுக ஆரம்பிக்கும். வெளியே மஞ்சள் பூசி ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது உள்ளே சீழ் வைக்கும். இடுப்பைச் சுற்றி மயிரை விலக்கிப் பாருங்கள். வீக்கம், நாற்றம், ஈரம் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். கம்பி நூல் ஏதும் உள்ளே இருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம்.

காட்டு மிருகங்களுக்குக் கண்ணி வைப்பது வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2020 மே மாதம் நல்லதண்ணியில், ஒரு தோட்டத்து மரக்கறித் துண்டில் பன்றிக்கு வைத்த கண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, சில நாளில் செத்துப்போனது நினைவிருக்கும். கண்ணி வைத்தவர் அநேகமாக உங்கள் அயலவர்தான். கிழங்கைப் பன்றி தோண்டிப் போட்டால் அவர் வயிறு எரியும் என்பதும் நியாயம். நேராக முறைப்பாட்டுக்குப் போவதா, முதலில் தோட்டத் தலைவர் மூலம் பேசுவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் பேசாமல் விடாதீர்கள். அந்த மலையில் உங்கள் பிள்ளைகளும் விறகு பொறுக்கப் போகிறார்கள்.

உங்கள் கை

நாயைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடித்த கையில் கோப்பித்தூள் வைத்துக் கட்டியதாக ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு இதில்தான் கோபம். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கடிகாயத்துக்கு வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய் வந்த பிறகு அதற்கு வைத்தியம் இல்லை, வருமுன் போடும் ஊசிதான் காப்பாற்றும். ஜிம்மிக்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, இன்னும் போகவில்லை என்றால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். “வளர்த்த நாய்தானே” என்று விடக்கூடாது. இரவெல்லாம் மலையில் கிடந்த நாய் அது.

அவன் நன்றி கெட்டவனும் இல்லை. வலியில் துடிக்கிற நாய் யார் கை என்று பார்க்காது. இனி அப்படி ஒரு நிலை வந்தால் பழைய துணியைப் பட்டையாகக் கிழித்து, வாயைச் சுற்றி ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டுவிட்டுத் தொடுங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ அப்படிக் கட்டக்கூடாது. அப்போது மூக்கையும் வாயையும் மூடாமல், உடம்பை ஒரு தடித்த போர்வையால் சுற்றிப் பிடிப்பது நல்லது.

பனடோல்

அரைக் குளிசையால் ஜிம்மி அளவு நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பழக்கமாக்க வேண்டாம். அளவு கூடினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதற்குத் துண்டு பனடோல்கூடக் கொடுக்கக்கூடாது, உயிரே போய்விடும். பாமசியில் மனிதர்களுக்குக் கொடுக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம். நாயின் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். நாய்க்கென்று வலிமருந்து இருக்கிறது, நிறை பார்த்துத்தான் கொடுப்போம். சுட்ட காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசியதாகச் சொன்னீர்கள். அடுத்த தடவை எண்ணெய்க்குப் போகாமல் பீலியடிக்கு (தண்ணீர் விழும் இடத்துக்கு) கூட்டிப் போய், ஓடும் தண்ணீரில் பத்து இருபது நிமிடம் காலைப் பிடியுங்கள்.

கொண்டுபோய் விட்டுவிடலாமா?

இருட்டில் கண் தெரியாத நாயை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கண்டத்தை இழுத்து வருகிற நாய் என்றால் பகலிலும் இழுத்து வர வேண்டுமே, ஏன் இருட்டில் மட்டும் வருகிறது? பகலிலும் இருட்டிலும் நடக்கவிட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை அவர் முன்னாலேயே செய்யுங்கள். நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து எடுத்தவருக்குக் கண் மங்குவது என்றால் என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் மசியவில்லை என்றால், வைரவரின் வாகனம் நாய்தான் என்பதை நினைவுபடுத்துங்கள். இது வைத்திய ஆலோசனை அல்ல, ஆனால் பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

ஓட்டோக்காரர் லைட் உடைந்ததற்குப் பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. ஒரே தோட்டத்துக்காரர் என்பதால் ஆளுக்குப் பாதி என்று பேசி முடிப்பது உங்களுக்கு நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கருத்தடையும் குட்டியும்

கருத்தடை பாவம் என்று நினைக்க வேண்டாம். ஆண் நாய் இரவில் காணாமல் போவதற்குப் பெரும்பாலான காரணம் எங்கோ ஒரு பெட்டை பருவத்தில் இருப்பதுதான். அந்தக் கண்ணி இரவிலும் அதுதான் நடந்திருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அலைச்சல் பெரும்பாலும் குறையும். வீட்டைக் காவல் காக்கும் குணம் போகாது. உடம்பு கொஞ்சம் போடும், சோற்றைக் குறைத்தால் சரி. சோளக் கட்டைச் சத்திரசிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது, அப்போது மயக்க மருந்தை எப்படித் தாங்கினான் என்பதை வைத்தியரிடம் சொல்லி நாளைத் தீர்மானியுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இப்போதைக்கு “இல்லை” என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணில் இருப்பது அந்தப் பரம்பரை நோய் என்றால், ஜிம்மியின் ஒவ்வொரு குட்டியும் அந்தப் பழுதைச் சுமந்துதான் பிறக்கும். பெட்டையிடமும் அது ஒளிந்திருந்தால் குட்டிகளில் பாதிக்காவது கண் போக வாய்ப்புண்டு. கேட்கிறவரின் நாயும் அதே பங்களா வழியா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, அவர் நாயை இருட்டில் நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.